சந்திரனுக்குச் சென்ற கணனியும் அதன் சிறு நினைவும்

சில வாரங்களுக்கு முன்னர் எங்கள் பாடசாலையின் பத்தாந்தர மாணவன் ஒருவன் எனது அறைக்கு வந்து ஒரு கேள்வி கேட்டான். "சேர், 1969ஆம் ஆண்டு சந்திரனில் இறங்கிய கலத்தில் இருந்த கணனிக்கு நாலு கிலோபைற்று ஞாபகந்தானாம். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தால் அதற்கே அதைவிட ஆயிரம் மடங்கு இடம் வேண்டும். அப்படியான ஒன்றை வைத்துக்கொண்டு சந்திரனுக்குப் போனார்கள் என்பது எப்படி உண்மையாகும்?" என்றான்.

அக்கேள்வியில் மரியாதைக் குறைவு இருக்கவில்லை, ஐயமே இருந்தது. நானோ கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்பித்து வந்தவன். சந்திரனில் மனிதன் காலடி வைத்த காலத்தில் நான் பிறக்கவுமில்லை. "அறிந்தோர் சொல்கின்றனர், நம்பு" என்று கூறி அவனை அனுப்பிவிட்டிருக்கலாம். ஆயின் அவ்வாறு செய்வது ஆசிரியனுக்கு அழகன்று எனத் தோன்றிற்று. ஒரு மாதத் தவணை கேட்டேன். அந்த ஒரு மாதத்தில் நான் படித்து அறிந்தவற்றையே இன்று உங்கள் முன்னும் வைக்கின்றேன்.

மாணவன் சொன்ன எண் பொய்யன்று. ஆனால் அந்த எண்ணைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், மனிதன் முதன்முதல் விண்ணில் ஏறிய காலத்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.

1961ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி யூரி ககாரின் வொஸ்தொக் விண்கலத்திற் பூமியை ஒருமுறை வலம்வந்தார். அக்கலத்தில், இன்று நாம் கணனி என்று வழங்கும் பொருளில், ஒரு கணனியும் இருக்கவில்லை. எந்த நாட்டுக்கு மேலாகப் பறக்கின்றோம் என்பதை அவருக்குக் காட்டியது சிறியதொரு பூகோள உருண்டை. பற்சக்கரங்களாற் சுழலும் அவ்வுருண்டை கணனிக்கு உறவு என்பதைவிடச் சுவர்க்கடிகாரத்துக்கு உறவு என்பதே பொருந்தும். அமெரிக்கரின் மேர்குரிக் கலங்களிலும் கணனி இல்லை. 1962ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி ஜோன் கிளென் மும்முறை பூமியை வலம்வந்தபோது கணக்குகளெல்லாம் தரையிலிருந்த பெரிய ஐபிஎம் இயந்திரங்களிலே செய்யப்பட்டன. கிளென் அவ்வியந்திரங்களை முற்றாக நம்பவில்லை. கதரின் ஜோன்சன் என்னும் கணித வல்லுநர் அவ்வெண்களைத் தம் கையாற் சரிபார்த்த பின்னரே புறப்படுவேன் என்றார், அவ்வாறே செய்யப்பட்டது. 1963ஆம் ஆண்டு மே மாதம் கோர்டன் கூப்பர் சென்ற கலத்தில், திரும்பும் வேளையில் தானியங்கு கருவிகள் பழுதுற்றன. அவர் தமது கைக்கடிகாரத்தையும், யன்னற் கண்ணாடியில் இருந்த கோடுகளையும் துணையாகக் கொண்டு கலத்தை இறக்கினார். காத்திருந்த கப்பலிலிருந்து ஏறத்தாழ நாலு மைல் தூரத்திலேயே கடலில் வந்து விழுந்தார்.

ஆகவே, கணனி இல்லாமலே மனிதன் விண்ணுக்குப் போய் மீண்டிருக்கின்றான். பூமியைச் சுற்றும் கலம் தன்பாட்டில் ஒரு பாதையிலே சென்றுகொண்டிருக்கும். அப்பாதையைக் கணிப்பவர்கள் தரையில் இருந்தாலும் குறையில்லை. மாணவனின் ஐயத்திற்கு இதுவே முதலாவது விடை. விண்கலத்தின் கணக்குகள் அனைத்தும் விண்கலத்துள்ளேதான் நடைபெற வேண்டும் என்று அவன் எண்ணிக்கொண்டான். பின்னாளிற் சந்திரப் பயணங்களின்போதும், ஹூஸ்ரன் நகரிலிருந்த ஐபிஎம் பெருங்கணனிகளே பாதைக் கணக்குகளின் பெரும்பாரத்தைச் சுமந்தன. அவற்றின் விடைகள் வானொலி அலைகள் வழியாகக் கலத்துக்கு அனுப்பப்பட்டன.

அப்படியாயின், கலத்துள்ளே கணனி எதற்கு? ஒரு கலம் மற்றொரு கலத்தைத் தேடிச் சென்று அருகணைய வேண்டிய நிலை வந்தபோதுதான் அத்தேவை தோன்றிற்று. 1965ஆம் ஆண்டு முதல் மனிதரைச் சுமந்து பறந்த ஜெமினிக் கலங்களில் ஐபிஎம் நிறுவனம் ஆக்கிய கணனி ஒன்று இடம்பெற்றது. நிறை 59 இறாத்தல். அதன் நினைவில் 4,096 'சொற்கள்' அடங்கின. இங்கே சொல் என்பது நாம் பேசும் சொல்லன்று. 0 அல்லது 1 என்னும் துவித இலக்கங்கள் 39 கொண்ட ஒரு தொடர். அந்த ஆண்டு டிசம்பரில் ஆறாம் ஜெமினி ஏழாம் ஜெமினியைத் தேடிச் சென்று, ஓரிரு அடி தூரத்தில் அதனருகே நின்றது.

இக்கணனியைப் பற்றிய இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல விரும்புகின்றேன். கணித ஆசிரியர்கள் வகுப்பிற் சொல்வதற்கு ஏற்றது. 1965 ஓகஸ்ற் மாத இறுதியில் கூப்பரும் சார்ள்ஸ் கொன்ராட்டும் ஐந்தாம் ஜெமினியில் எட்டு நாட்கள் பறந்து திரும்பியபோது, குறித்த இடத்துக்கு ஏறத்தாழ 80 மைல் முன்னதாகவே கடலில் இறங்கினர். கணனி பிழைவிடவில்லை. பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுழல்கின்றது எனக் கொண்டு ஆக்கிய எண்கள் தரையிலிருந்து அனுப்பப்பட்டிருந்தன. உண்மையில் விண்மீன்களை நோக்க, பூமி அந்நேரத்தில் 360.98 பாகை சுழல்கின்றது. விடுபட்டது ஒரு பாகைக்கும் குறைவான பின்னம். நினைவு பெரிதாயிருந்தாலும் அப்பிழை நேர்ந்தேயிருக்கும்.

இனி அப்பல்லோவுக்கு வருவோம். சந்திரனை நோக்கிய பயணத்தில் தரைக் கணனிகளை மட்டும் நம்பியிருக்க இயலாது. கலம் சந்திரனின் மறுபுறம் செல்லும்போது பூமியோடு தொடர்பு அற்றுப்போகும். தொடர்பு உள்ள வேளையிலும், ஒரு செய்தி போய் மறுமொழி வருவதற்கு இரண்டரைச் செக்கன்களுக்கு மேலாகும். இறங்கும் கலத்தின் எஞ்சினை அத்தாமதத்தோடு பூமியிலிருந்து நடத்துவது எண்ணிப்பார்க்கவும் முடியாதது. ஆகவே 1961ஆம் ஆண்டிலேயே, அப்பல்லோவின் வழிகாட்டற் கருவியை ஆக்கும் பொறுப்பு மசாச்சுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் கருவியியல் ஆய்வுகூடத்துக்கு வழங்கப்பட்டது. அதன் தலைவர் சார்ள்ஸ் ஸ்ராக் டிரேப்பர். ரேதியன் நிறுவனம் அதனைத் தன் தொழிற்சாலையில் உற்பத்தி செய்தது.

அக்கணனியின் நிறை 70 இறாத்தல். அது உண்ட மின்சாரம் 55 உவாற்று. பழைய மின்குமிழ் ஒன்றுக்கு வேண்டியதிலும் சற்றுக் குறைவு. செக்கனுக்கு ஏறத்தாழ 40,000 கூட்டற் கணக்குகளைச் செய்யும். ஒருங்கிணைந்த சுற்றுக்களால் ஆக்கப்பட்ட முதற் கணனிகளுள் அதுவும் ஒன்று. ஏறத்தாழ 2,800 சிறு சில்லுகள், எல்லாம் ஒரே வகை. பல வகைகளைக் கையாண்டிருந்தால் வேலை இலகுவாகியிருக்கும். ஆயின் ஒரே வகையை ஆயிரக்கணக்கிற் செய்து, ஒவ்வொன்றையும் சோதித்துத் தேர்ந்தெடுத்தால் நம்பகம் மிகும் என்பது அவர்களின் முடிவு. சந்திரனுக்கும் பூமிக்கும் இடையிலே பழுதுபார்ப்போர் இல்லையன்றோ?

நினைவு இரு வகையாய் இருந்தது. எழுதி அழித்து மீண்டும் எழுதக்கூடிய நினைவில் 2,048 சொற்கள். மாணவன் சொன்ன நாலு கிலோபைற்று இதுவே. ஆனால் இதற்குப் புறம்பாக, மாற்றவே முடியாத நிலையான நினைவில் 36,864 சொற்கள் இருந்தன. அது 72 கிலோபைற்று. அவன் படித்த பக்கத்தில் இரண்டாவது எண் விடுபட்டுப்போனது போலும்.

அவ்வளவும் சேர்ந்தாலும் சிறிதே. இன்று நாம் கணனியிலே தமிழ் எழுதும் முறைப்படி ஒவ்வோர் எழுத்துக் குறியும் பொதுவாக மூன்று பைற்றுக்களைக் கொள்ளும். அக்கணக்கில், நான் இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் இப்பேச்சின் முதலிரு பந்திகளே அந்த அழியும் நினைவில் ஏறக்குறையப் பாதியை நிரப்பிவிடும். நாலு கிகாபைற்று நினைவுடைய சாதாரணக் கைத்தொலைபேசியோ அதனிலும் பத்து இலட்சம் மடங்கு பெரியது.

நிலையான நினைவு எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அறிந்தபோது நான் வியந்துபோனேன். அது நெய்யப்பட்டது. உவமையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நெய்யப்பட்டது. சிறு காந்த வளையங்கள் வரிசையாக அமைந்திருக்கும். மெல்லிய செப்புக் கம்பி ஒரு வளையத்தின் ஊடாகச் சென்றால் அது 1. வளையத்துக்கு வெளியே விலகிச் சென்றால் அது 0. ஒரு வளையத்தில் இவ்வாறு 192 இலக்கங்கள், அதாவது 12 சொற்கள். ஒரு பெட்டகத்தில் 512 வளையங்கள். அத்தகைய பெட்டகங்கள் ஆறு. பெருக்கிப் பாருங்கள், 36,864 வரும். மசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரத் தொழிற்சாலையிற் பெண்கள் அமர்ந்து, ஊசியால் அக்கம்பிகளைக் கோத்தார்கள். எந்த வளையத்துள் நுழைய வேண்டும் என்பதை ஓர் இயந்திரம் காட்டிக்கொடுக்கும்; நுழைப்பது அவர்களின் கை. துணிநெசவுத் தொழிலிலிருந்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். கயிறுபோற் காட்சியளித்தமையால் அதற்குக் 'கயிற்று நினைவு' என்று பெயர். பாய் இழைப்பவளுக்கு ஓர் ஓலை தவறினால் அவ்விடத்தில் அவிழ்த்து மீண்டும் இழைக்கலாம். இங்கே அது எளிதன்று. ஆகையால் கணனிக்குரிய கட்டளைத் தொகுதியாகிய செய்நிரல், பயணத்துக்கு மாதங்கள் முந்தியே முடிவாகிவிட வேண்டும். முடிந்த பின்னர் ஒரு பிழை தெரியவந்தால், அப்பிழையோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கொரு நன்மையும் இருந்தது. மின்சாரம் அற்றாலும் இடி விழுந்தாலும் கயிற்றில் எழுதியது அழியாது. 1969 நவம்பரிற் பன்னிரண்டாம் அப்பல்லோ மேலெழுந்தபோது மின்னல் இருமுறை தாக்கியது. கணனியின் நினைவு அழியவில்லை.

சரி, இத்துணைச் சிறிய இடத்தில் எதனை வைப்பது? இங்கேதான், கலைப் பட்டதாரியாகிய எனக்கும் விளங்கும் செய்தி ஒன்று இருக்கின்றது. கலம் எங்கே இருக்கின்றது என்பதைச் சொல்ல மூன்று எண்கள் போதும். எவ்வேகத்தில், எத்திசையிற் செல்கின்றது என்பதற்கு மேலும் மூன்று. நேரத்துக்கு ஒன்று. இந்த ஏழு எண்களும் கையில் இருந்தால், அடுத்த கணத்தில் எங்கே இருக்கும் என்பதை நியூற்றனின் விதிகளைக்கொண்டு கணித்துக்கொள்ளலாம். படங்கள் வேண்டியதில்லை; ஓசை வேண்டியதில்லை; எழுத்துக்கள்கூட வேண்டியதில்லை. நமது கைத்தொலைபேசிகளின் நினைவைத் தின்பவை பெரும்பாலும் இவைதாமே!

இடத்தைச் சேமிக்க இன்னொரு வழியும் கண்டனர். நீண்ட கணிதக் கட்டளைகளைச் சுருக்கக் குறியீடுகளாக எழுதிவைத்து, வேண்டும்பொழுது அவற்றை விரித்துச் செயற்படுத்தும் செய்நிரலொன்றையும் அதனுடன் வைத்தனர். நமது இலக்கண நூல்களிற் சூத்திரம் சுருக்கமாய் இருக்க, உரை அதனை விரித்தாற் போல. விரிப்பதால் வேகம் குறைந்தது, இடம் மிஞ்சியது. வேகத்தை விற்று இடத்தை வாங்கினார்கள் எனலாம். அழியும் நினைவிலோ ஒரே இடத்தைப் பல செய்நிரல்கள் வெவ்வேறு வேளைகளிற் பயன்படுத்தின. எங்கள் பாடசாலை மண்டபத்திற் காலையிற் பிரார்த்தனை, நண்பகலிற் பரீட்சை, மாலையில் நாடக ஒத்திகை. மண்டபத்தை அடுத்து யாருக்குக் கொடுப்பது என்பதை முறையாக எழுதிவைக்காவிட்டால் என்ன நேரும் என்பதை அதிபர்கள் எல்லாரும் அறிவர்.

விண்வெளி வீரர் கணனியோடு பேசிய விதமும் தமிழ் ஆசிரியனுக்கு இன்பந் தருவது. விசைப்பலகையில் எழுத்து விசைகள் ஏறக்குறைய இல்லை. 'வினை' என ஒரு விசை, 'பெயர்' என ஒரு விசை, பின்னர் எண்கள். வினை 16 என்றால் 'விடாது காட்டிக்கொண்டிரு' என்று பொருள். பெயர் 36 என்றால் கணனியின் கடிகாரம். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒரு வாக்கியம் ஆயிற்று.

ஆனால் எந்தக் கணனியும் ஏற்கமுடியாத அளவு வேலை ஒரே நேரத்தில் வந்து குவிந்தால் என்ன செய்வது? ஹால் லானிங் என்பவர் அதற்கு முன்னமே ஒரு முறை வகுத்திருந்தார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முதன்மை எண் கொடுக்கப்பட்டது. முதன்மை மிக்கது முதலில் நடைபெறும். இடம் போதாவிடின் கணனி தன் வேலைகளையெல்லாம் கீழே போட்டுவிட்டு, இன்றியமையாதவற்றை மட்டும், விட்ட இடத்திலிருந்து மீண்டும் கையிலெடுக்கும். செய்நிரல் ஆக்கிய குழுவை வழிநடத்திய மார்கரெற் ஹமில்ரன் அம்மையாரும் மற்றவர்களும் இவ்வாறு மீண்டெழும் திறனைப் பன்முறை சோதித்தனர். சோதித்தமை வீண்போகவில்லை.

1969ஆம் ஆண்டு யூலை 20ஆம் திகதி. நீல் ஆம்ஸ்ரோங்கும் பஸ் அல்ட்ரினும் சந்திரக் கலத்தில் இறங்கிக்கொண்டிருக்கின்றனர். ஏறத்தாழ 33,000 அடி உயரத்தில், கணனியின் முகப்பில் 1202 என்னும் எச்சரிக்கை எண் தோன்றிற்று. அதன் பொருள் வீரர் இருவருக்கும் உடனே தெரியவில்லை. நடந்தது இதுதான். மேலே சுற்றிக்கொண்டிருந்த தாய்க்கலத்தைத் தேடும் ராடாரின் மின்னோட்டம் கணனியின் மின்னோட்டத்தோடு இசையாமல் இருந்தது. ஆகையால் அந்த ராடார் அசையாமல் இருந்தபோதும், அது அசைவதாகப் பொய்யான துடிப்புக்கள் ஆயிரக்கணக்கிற் கணனிக்குள் வந்தன. அவற்றை எண்ணுவதிலேயே கணனியின் நேரத்தில் ஏறத்தாழ 13 விழுக்காடு கழிந்தது. கணனிக்கு அவ்வேளையில் மிஞ்சியிருந்த ஓய்வும் அவ்வளவே. வினை 16, பெயர் 68 என அல்ட்ரின் இறங்குமிடத்தின் தூரத்தைக் கேட்டபோது பாத்திரம் ததும்பிவிட்டது. புதிய வேலைக்கு நினைவில் இடமில்லை. 1202 என்பது அதையே சொன்னது.

ஹூஸ்ரனில் வழிகாட்டற் பொறுப்பில் இருந்தவர் ஸ்ரீவ் பேல்ஸ், வயது 26. அவருக்குத் துணையாய் வேறோர் அறையில் இருந்தவர் 24 வயதினரான ஜக் கார்மன். ஏறத்தாழ இரு கிழமைகளுக்கு முன்னர் நடந்த ஒத்திகையில் இத்தகைய எச்சரிக்கை ஒன்று வந்தபோது, இறங்குவதை நிறுத்துமாறு பேல்ஸ் சொல்லிவிட்டார். அது தவறான முடிவு என்று பின்னர் தெரிந்தது. அதன்பின் எச்சரிக்கை எண்கள் எல்லாவற்றையும், அவற்றுக்குச் செய்யவேண்டியதையும் கார்மன் தம் கையால் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்திருந்தார். அந்தத் தாள் இருந்தமையால், எச்சரிக்கை திரும்பத் திரும்ப வராவிட்டால் இறங்கலாம் என்று சில செக்கன்களிலே சொல்ல முடிந்தது. நாலுமுறை 1202, ஒருமுறை அதனைப் போன்ற 1201. ஒவ்வொரு முறையும் கணனி சில்லறை வேலைகளைக் கைவிட்டது. எஞ்சினை நடத்தும் வேலையை ஒருமுறையும் கைவிடவில்லை. கலம் இறங்கிற்று.

இந்நிகழ்ச்சியைக் கணனி பழுதுற்ற கதையாகச் சிலர் எழுதிவிடுகின்றனர். நான் அவ்வாறு கொள்ளேன். நினைவு சிறிதாயிருந்தமையால் அது ததும்பியது மெய். ததும்பும் என்பதை முன்னறிந்து ஆக்கியிருந்தார்கள் என்பதும் மெய்.

மாற்றவே முடியாத கயிற்று நினைவுக்கு 1971ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் திகதி வேறொரு சோதனை வந்தது. பதினான்காம் அப்பல்லோவின் அலன் ஷெப்பேட்டும் எட்கார் மிச்செலும் இறங்குவதற்கு ஆயத்தமாய்ச் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தனர். அப்போது, இறங்குவதைக் கைவிடும்படி கட்டளையிடும் பொத்தானை எவரும் தொடாமலே, அது அழுத்தப்பட்டதாகச் சைகை வந்தது. பலகையைத் தட்டினால் மறையும், பின்னர் வரும். பொத்தானுக்குள்ளே ஈயப்பற்றுத் துணுக்கு ஒன்று மிதந்து திரிகின்றது என ஊகித்தனர். இறங்கும்போது அச்சைகை வந்தால், கணனி அதனை மெய்யென நம்பிக் கலத்தை மேலே திருப்பிவிடும். அந்தப் பொத்தானைப் பொருட்படுத்தாதே என்று செய்நிரலைத் திருத்தலாமோ எனின், செய்நிரல் கம்பியில் நெய்யப்பட்டிருக்கின்றது. கம்பியோ சந்திரனருகே இருக்கின்றது.

பூமியில், செய்நிரலை எழுதியோருள் ஒருவரான டொன் ஐல்ஸ் என்னும் இளைஞர் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் ஒரு வழி கண்டார். கைவிடும் வேலை ஏற்கனவே நடந்துகொண்டிருக்கின்றது எனக் கணனி எண்ணும்படி, அழியும் நினைவில் ஓரிடத்தில் ஓர் எண்ணை மாற்றிவிடுவது. அவ்வாறு எண்ணிய கணனி பொத்தானைப் பாராது. பின்னர் உரிய வேளையில் அதனை மீண்டும் சரியான வழிக்குத் திருப்ப வேண்டும். விசைகளை அழுத்தும் வரிசை, ஒவ்வோர் எண்ணாக, வானொலியில் வாசிக்கப்பட்டது. மிச்செல் அவ்வெண்களை அழுத்தினார். 72 கிலோபைற்றுக் கயிற்றைத் தொட முடியாதபோது, அந்த நாலு கிலோபைற்றில் ஒரு சொல்லளவான இடமே அவர்களுக்கு வழிவிட்டது. இருவரும் பிரா மவுரோ என்னும் மேட்டுநிலத்தில் இறங்கினர்.

தவணை முடிந்ததும் மாணவனை அழைத்து இவற்றையெல்லாம் சொன்னேன். நம்புகின்றேன் என்றோ நம்பவில்லை என்றோ அவன் சொல்லவில்லை. "அவ்வளவு சிறிய சொல்லில் அவ்வளவு பெரிய தூரத்தை எப்படி எழுதினார்கள், சேர்?" என்று மட்டும் கேட்டான். இரண்டு சொற்களைச் சேர்த்து 28 துவித இலக்கங்களில் எழுதினார்கள் என்றும், சந்திரனுக்குள்ள முழுத் தூரத்தை அவ்வாறு எழுதினாலும் ஒரு மீற்றரளவே வழு வரும் என்றும் நான் படித்தபடி கூறினேன். அவன் எனது மேசையோரத்தில் நின்றபடியே அப்பியாசக் கொப்பியின் பின்புறத்தில் இரண்டை இரண்டால் 27 முறை பெருக்கினான். 26,84,35,456 வந்தது. பிறகு 3,84,400 கிலோமீற்றரை அதனால் வகுத்தான். இடைவேளை முடிந்து மணி அடித்தது, அவன் கவனிக்கவில்லை.

"ஒரு மீற்றர் இல்லை, சேர், ஒரு மீற்றர் நாற்பத்து மூன்று சதமமீற்றர்" என்றான்.